உளுத்த கட்டை, உக்கிய கட்டை

எங்கள் கொல்லையில் ஒரு மாமரம் படுத்துக் கிடக்கிறது. 2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரையேறியபோது சாய்ந்தது. ஊரே தென்னையை இழந்து தலையில் கைவைத்து உட்கார்ந்திருந்த நேரம். ஒற்றை மாமரத்துக்காக அழ யாருக்கும் தெம்பில்லை. கிளைகளை விறகுக்காரர் கொண்டுபோனார். அடிமரத்தை நகர்த்த ஆள்கூலி கட்டுப்படியாகாது என்று அப்பா அப்படியே விட்டுவிட்டார். நடுத்துண்டு மட்டும் ஒரு பெஞ்சுக்குத் தேறுமா என்று பார்க்க ஆசாரியைக் கூப்பிட்டோம்.

அவர் வந்து, உளிப்பிடியால் மரத்தை ஒரு முனையிலிருந்து தட்டிக்கொண்டே போனார். டாக்டர் முதுகில் விரல் வைத்துத் தட்டிப் பார்ப்பாரே, அந்த மாதிரி.

"இந்தப் பக்கம் உளுத்திருக்கு தம்பி. அடியில உக்கிருக்கு. நடுவுல ஒரு நாலடி தேறும்."

"ரெண்டும் ஒண்ணுதானே பெரியப்பா?"

தட்டுவதை நிறுத்திவிட்டு என்னை ஏற இறங்கப் பார்த்தார். "உளுத்தா மாவா கொட்டும். உக்குனா பஞ்சாப் பிரியும். உளுத்ததுல மரம் மிச்சமிருக்கும், நடுவுல ஓட்டைதான். உக்குனதுல மரத்தோட உருவம் இருக்கும், உள்ள மரம் இருக்காது."

அவ்வளவுதான் சொன்னார். அதற்குப் பிறகு ஊருக்குப் போகும்போதெல்லாம் அந்தக் கட்டையருகே குத்துக்காலிட்டு உட்காருவது எனக்குப் பழக்கமாகிவிட்டது. வீட்டில் ஒரு மாதிரியாகத்தான் பார்க்கிறார்கள். உளுத்தது வண்டின் வேலை. உக்கியது காளானின் வேலை. ஒரே மரத்தை இரண்டு பேர் தின்றிருக்கிறார்கள், இரண்டு விதமாக. இதில் யார் நன்றாகத் தின்றார் என்பதுதான் இத்தனை நாளாக என் மண்டையைக் குடைகிற கேள்வி.

முதலில் வண்டு. தமிழில் இந்தச் சொல்லோடு ஒரு தொல்லை உண்டு. பூவைச் சுற்றுவதும் வண்டு, மாட்டுச் சாணத்தை உருட்டுவதும் வண்டு. மூங்கிலிலும் உத்தரத்திலும் வட்டமாக ஓட்டை போடும் கருவண்டு உண்மையில் தேனீக்கு உறவுக்காரி. அவள் மரத்தைத் தின்பதில்லை, வீடு கட்டக் குடைகிறாள், தூளை வெளியே தள்ளிவிடுகிறாள். கர்ணன் தொடையைத் துளைத்தது எந்த வண்டு என்று இதுவரை யாரும் எனக்குச் சொன்னதில்லை. நான் இங்கே பேசுவது முன்னிறக்கை ஓடாக இறுகிப்போன வண்டைப் பற்றி. அதிலும் எங்கள் மரத்தைத் தின்ற மாமரத் தண்டுத் துளைப்பானைப் பற்றி. இரண்டு அங்குல நீளம், சாம்பல் நிறம், முதுகில் ஆரஞ்சும் மஞ்சளுமாகப் புள்ளிகள், உடம்பைவிட நீளமான இரண்டு கொம்புகள். விளக்கு வெளிச்சத்துக்கு வந்து சுவரில் ஒட்டிக்கொண்டிருந்தால் யாருக்கும் ஒரு நொடி பயம் வரும்.

ஆனால் மரத்தைத் தின்பது இந்தக் கொம்பன் அல்ல, அதன் புழு. தாய் பட்டையில் காயம்பட்ட இடமாகப் பார்த்துக் கடித்து முட்டையை வைத்துவிட்டுப் போய்விடும். பொரிந்த புழு பட்டைக்கு அடியில் தொடங்கி உள்ளே உள்ளே போகும். வளர்ந்தால் நம் நடுவிரலைவிடப் பெரிதாக, பால்நிறத்தில், மடிப்பு மடிப்பாக இருக்கும். கால் என்று சொல்லிக்கொள்ள ஒன்றுமில்லை. ஆனால் தலை முனையில் இருக்கும் தாடைகள் கறுத்து, உளி மாதிரி இறுகியிருக்கும். இரவில் ஊர் அடங்கிய பிறகு மரத்தில் காதை வைத்தால் அது கடிக்கிற சத்தம் கேட்கும். அப்பா எனக்குச் சின்ன வயதில் கேட்கவைத்திருக்கிறார். கர்ர், கர்ர், பிறகு ஓர் இடைவெளி, மறுபடி கர்ர். அப்போது மரம் உயிரோடு இருந்தது. அடியில் மரத்தூள் சிந்தியிருப்பதைக் கண்டால் அப்பா முனை வளைத்த கம்பியோடு வருவார். ஓட்டைக்குள் விட்டுக் குத்தி இழுப்பார். சிக்காவிட்டால் பஞ்சை மண்ணெண்ணெயில் நனைத்துத் திணித்துக் களிமண்ணால் பூசிவிடுவார். பாதி முறை ஜெயித்தார். மீதி முறை புழு ஜெயித்தது. புயலில் மரம் முறிந்தது அந்தப் பழைய குடைச்சல் ஓடிய இடத்தில்தான்.

காளானோடு அப்பாவுக்கு இப்படி ஒரு சண்டையே நடந்ததில்லை. வேர்ப்பக்கம் எப்போது நுழைந்தது என்று தெரியாது. எத்தனை வருடம் உள்ளே இருந்தது என்றும் தெரியாது. தென்னை வைத்திருப்பவர்களுக்கு இந்த எதிரி நன்றாகத் தெரியும். தஞ்சாவூர் வாடல் என்று எங்கள் பக்கத்துப் பெயரையே அதற்கு வைத்துவிட்டார்கள். அடித்தண்டில் செம்பழுப்பாகச் சாறு வடியும், மட்டைகள் தொங்கும், கடைசியில் அடியில் அரக்குப் பூசின தட்டு போலக் காளான் தலைகாட்டும். அது தலைகாட்டும்போது வேலை முடிந்திருக்கும். வேப்பம் புண்ணாக்கு போடு, ஊடுபயிராக வாழை வை, நோய் கண்ட மரத்தைச் சுற்றிக் குழி வெட்டிப் பிரி என்று வேளாண்மைத் துறையினர் சொல்வதெல்லாம் வரும் முன் காப்பதற்கும், அடுத்த மரத்துக்குப் போகாமல் தடுப்பதற்கும்தான். காளான் என்று நாம் பார்க்கிற அந்தத் தட்டு அதன் பூவும் காயும் மாதிரி. உடம்பு முழுக்க மரத்துக்குள்ளே, நூலைவிட மெல்லிய இழைகளாக ஓடிக்கொண்டிருக்கும். கம்பியை எங்கே விட்டுக் குத்துவது?

சரி, சாப்பாட்டுக்கு வருவோம். சோற்றில் இருப்பதும் சர்க்கரைத் துகள்களின் சங்கிலிதான், கட்டையில் பாதிக்குப் பக்கமாக இருப்பதும் அதே சர்க்கரையின் சங்கிலிதான். கோத்திருக்கும் விதம் மட்டும் வேறு. அந்த ஒரு வித்தியாசத்தால் ஒன்று நமக்குச் சோறு, இன்னொன்று விறகு. போதாக்குறைக்கு அந்தச் சங்கிலியைச் சுற்றி லிக்னின் என்று ஒரு முரட்டுப் பொருள் இறுகிக் கிடக்கும். கட்டையின் எடையில் கால்வாசி அதுவாகத்தான் இருக்கும். லிக்னின் எவ்வளவு பிடிவாதம் என்று பார்க்க ஆராய்ச்சிக்கூடம் வேண்டாம். பட்டுக்கோட்டை, பேராவூரணிப் பக்கம் கயிற்றுத் தொழிற்சாலை வாசல்களில் மலை மலையாகக் குவிந்திருக்கும் தேங்காய் நார்க்கழிவைப் பாருங்கள். மழையில் நனையும், வெயிலில் காயும், வருடக்கணக்கில் மக்காது. லிக்னின் ஜாஸ்தி. அதை மக்கவைக்க வேளாண் பல்கலைக்கழகம் சொல்லித்தரும் வழி என்ன தெரியுமா? அடுக்கடுக்காகப் பரப்பி, நடுநடுவே யூரியாவும் சிப்பிக் காளான் வித்தும் தூவவேண்டும். கடையில் பாக்கெட்டில் விற்கிற, நாம் மிளகு போட்டு வறுத்துத் தின்கிற அதே சிப்பிக் காளான்.

இந்த இடத்தில்தான் வண்டும் காளானும் பிரிகிறார்கள்.

வண்டுப்புழுவிடம் இருப்பது பல். கடித்து, அரைத்து, உள்ளே தள்ளும். தள்ளியதில் பெரும்பகுதி மறுபக்கம் வெளியே வந்துவிடும். அதுதான் நாம் பார்க்கிற தூள். வயிற்றில் கொஞ்சம் ஜீரணம் நடக்கும், அதற்கும் குடலில் குடியிருக்கும் நுண்ணுயிர்கள் ஒத்தாசை. எங்கள் மரத்து வண்டுக்குப் பங்காளி முறையில் ஆசிய நீளக்கொம்பு வண்டு என்று ஒன்று உண்டு. சீனாவிலிருந்து சரக்குப் பெட்டிகளின் கட்டையில் ஒளிந்து அமெரிக்கா போனது. 1996இல் நியூயார்க்கில் பிடிபட்டு, அதனால் ஆயிரக்கணக்கான மரங்களை வெட்டவேண்டி வந்தது. அதன் மரபணுத் தொகுப்பை 2016இல் வெளியிட்டார்கள். கட்டையைச் செரிக்க உதவும் அதன் மரபணுக்களில் சில, பரம்பரையாக வந்தவையே அல்ல. என்றோ ஒரு காலத்தில் பாக்டீரியாவிடமிருந்தும் பூஞ்சையிடமிருந்தும் வண்டினத்துக்குள் தாவி வந்தவை. அதன் குடலுக்குள்ளும் ஒரு பூஞ்சை வாழ்கிறது. ஆக, பல் மட்டும்தான் சொந்தம். அடுப்பு, பாத்திரம், மளிகை எல்லாம் அடுத்த வீட்டில் வாங்கியது.

காளானுக்கு வாய் கிடையாது, வயிறு கிடையாது. வயிற்றை வெளியே வைத்துக்கொண்டிருக்கிறது என்று சொன்னால் தப்பில்லை. இழைகளின் நுனியிலிருந்து நொதிகளைச் சுரந்து, மரத்தை இருந்த இடத்திலேயே கரைத்து, கரைந்ததை உறிஞ்சிக்கொள்ளும். லிக்னினை என்ன செய்யும்? அதை ஒழுங்காக வெட்டுவதற்குக் கத்தி கிடையாது. ஹைட்ரஜன் பெராக்சைடை வைத்துக்கொண்டு சில நொதிகள் அதைக் கண்டபடி சிதறடிக்கும். ஒரு வகையில் இது நெருப்பில்லாத எரிப்பு. அந்த வேலையைச் செய்யும் லிக்னின் பெராக்சிடேஸ் என்ற நொதியை 1983இல்தான் கண்டுபிடித்தார்கள். வண்டு தூளாக்கிய மரம் தூளான மரம்தான், இன்னும் எரியும். காளான் தின்றுமுடித்த கட்டையைக் கையில் எடுத்துப் பாருங்கள், எடையே இருக்காது. வெளுத்து, நாராகி, விரலால் பிய்க்க வரும். போன எடை எங்கே? பெரும்பகுதி காற்றாகவும் தண்ணீராகவும் போய்விட்டது. ஆசாரி சொன்னாரே, உருவம் இருக்கும் மரம் இருக்காது என்று. வேதியியல் புத்தகத்தில் இதைவிட நன்றாக நான் படித்ததில்லை.

கட்டையைக் குறுக்கே அறுத்தால் இன்னொரு வேடிக்கை. வெளுத்த பகுதிக்கு நடுவே பென்சிலால் கிறுக்கின மாதிரி கறுப்புக் கோடுகள் ஓடும். நான் முதலில் எறும்புப் பாதை என்று நினைத்தேன். அவை வரப்புகள். ஒரே கட்டைக்குள் பல காளான்கள் குடியேறியிருக்கும், ஒரே இனத்துக்குள்ளேயே வேறு வேறு ஆட்கள். ஒருவர் நிலத்தில் இன்னொருவர் நுழையாமலிருக்க எல்லையில் கறுப்பாக ஒரு சுவர் எழுப்பிக்கொள்கிறார்கள். வெளிநாட்டில் இந்தக் கோட்டுக்காகவே கட்டையை உக்கவிட்டு, கடைந்து கிண்ணம் செய்து விற்கிறார்கள். டெல்டாக்காரனுக்கு வரப்புத் தகராறு புதிதா என்ன.

இரண்டு பேருக்கும் பொதுவான பஞ்சம் ஒன்று உண்டு: தழைச்சத்து. கட்டையில் சர்க்கரை மலையளவு, நைட்ரஜன் கடுகளவு. உடம்பு வளர நைட்ரஜன் வேண்டுமே. நார்க்கழிவுக்குள் யூரியா தூவுவது இதற்காகத்தான். வண்டுப்புழு இந்தப் பஞ்சத்தைப் பொறுமையால் சமாளிக்கிறது. கொஞ்சம் கொஞ்சமாகத் தின்று, மாதக்கணக்கில், சில இனங்களில் வருடக்கணக்கில் புழுவாகவே கிடக்கும். மரம் காய்ந்துபோய்ச் சத்து இன்னும் குறைந்தால் இன்னும் இழுக்கும். 1983இல் இங்கிலாந்தின் சவுத்எண்ட் நகரில் ஒரு வீட்டு மாடிப்படிக் கட்டையிலிருந்து பொன்வண்டுக் குடும்பத்து வண்டு ஒன்று வெளியே வந்தது. படிக்கட்டு போட்டு 51 வருடம் ஆகியிருந்தது. புழுவாக அத்தனை காலமும் அதற்குள் கிடந்திருக்கிறது என்று கின்னஸ் புத்தகம் பதிந்துவைத்திருக்கிறது. உள்ளே போகும்போது இரண்டாம் உலகப்போர்கூட ஆரம்பிக்கவில்லை.

காளானுக்கு அந்தப் பொறுமை இல்லை. சிப்பிக் காளான் என்ன செய்கிறது என்று படித்த அன்றைக்கு எனக்குச் சாப்பாடு சரியாக இறங்கவில்லை. அதன் இழைகளில் சின்னச் சின்ன நச்சுத்துளிகள் இருக்கும். கட்டைக்குள் நெளியும் நூற்புழு ஒன்று பட்டுவிட்டால் கை கால் விழுந்த மாதிரி அப்படியே நின்றுவிடும். உடனே இழை அதன் உடம்புக்குள் புகுந்து உறிஞ்சிவிடும். இதை 1984இலேயே எழுதிவிட்டார்கள். கல்யாண வீட்டில் சைவப் பந்தியில் காளான் பிரியாணி போடுகிறார்கள். நான் வாயைத் திறப்பதில்லை.

இத்தனை வித்தியாசம் சொல்லிவிட்டு ஓர் ஒற்றுமையைச் சொல்லாமல் விட்டால் நியாயமில்லை. 1811இல் ஆன்ரி பிராகனோ என்ற பிரெஞ்சுக்காரர் காளானை வேகவைத்து, கரைத்து, கடைசியில் எதற்கும் கரையாத ஒரு பொருளைப் பிரித்தெடுத்தார். 1823இல் ஓடியே என்ற இன்னொருவர் வண்டின் ஓட்டை அதே மாதிரி கரைத்துப் பார்க்க, அவருக்கும் ஒரு பொருள் மிஞ்சியது. அதற்குக் கைட்டின் என்று பெயர் வைத்தார். இரண்டும் ஒரே பொருள். வண்டின் முதுகோடும் காளான் இழையின் சுவரும் ஒரே சரக்கால் ஆனவை, மரத்தில் அது மருந்துக்கும் கிடையாது. மரக்கறிக் கடையில் கீரைக்குப் பக்கத்தில் காளானை வைக்கிறோமே ஒழிய, வம்சாவளியில் அது நம் பக்கம். விலங்கும் பூஞ்சையும் ஒரு கிளை, தாவரம் வேறு கிளை என்பது 1990களில் மரபணு ஒப்பீட்டால் உறுதியானது. அதாவது எங்கள் மாமரத்தைத் தின்றது தூரத்துச் சொந்தக்காரர்கள் இரண்டு பேர்.

சொந்தக்காரர்கள் என்றால் கூட்டுத் தொழிலும் உண்டுதானே. மரம் விழுந்து சில மாதத்தில், ஈரம் காயாத பகுதியில், பட்டையிலிருந்து சேமியா மாதிரி வெள்ளையாகக் குச்சி குச்சியாக நீட்டிக்கொண்டிருந்தது. தொட்டால் உதிர்ந்தது. அதைத் தள்ளிய வண்டுக்கு அமுதவண்டு என்று நானாகப் பெயர் வைத்திருக்கிறேன், உங்களுக்கு வேறு நல்ல பெயர் தோன்றினால் மாற்றிக்கொள்ளுங்கள். எள்ளைவிடச் சின்னது. மரத்தைக் குடையும், ஆனால் தின்னாது. தூளை அந்தச் சேமியாவாகப் பிதுக்கி வெளியே தள்ளிவிடும். பிறகு எதைத் தின்னும்? தன் உடம்பில் இதற்கென்றே இருக்கும் ஒரு மடிப்பில் பூஞ்சை வித்தைச் சுமந்துகொண்டு வரும். குடைந்த சுரங்கத்தின் சுவரில் அதை விதைக்கும், முளைத்ததை மேயும், வேண்டாத பூஞ்சை வந்தால் களையெடுக்கும், குஞ்சுகளுக்கும் அதையே ஊட்டும். 1836இல் ஷ்மிட்பெர்கர் என்ற ஆஸ்திரியக்காரர் சுரங்கச் சுவரில் வெள்ளையாகப் பூத்திருந்ததைப் பார்த்து, தேவர்கள் உண்ணும் அமுது என்ற பொருளில் அம்புரோசியா என்றார். அது பூஞ்சை என்று அவருக்குத் தெரியாது, மரச்சாறு உறைந்தது என்று எண்ணினார். 1844இல் ஹார்டிக் என்பவர்தான் பூஞ்சை என்று கண்டார். மனிதன் விவசாயம் பார்க்கத் தொடங்கிப் பத்தாயிரம் வருடம் சொச்சம். இந்த வண்டுகள் கோடிக்கணக்கான வருடங்களாகப் பார்க்கின்றன.

இலங்கையின் மலையகத்தில் தேயிலைக் கொழுந்து பறிப்பவர்களுக்கு இதன் உறவுக்காரி ஒருத்தியை நன்றாகத் தெரியும். தேயிலைக் கிளையில் குண்டூசி நுழைகிற அளவுக்கு ஓட்டை போடும், கை பட்டால் கிளை ஒடிந்துவிடும். 1868இல் அதற்கு அறிவியல் பெயர் வைத்ததே இலங்கையில் கிடைத்த மாதிரியை வைத்துத்தான். அது வளர்க்கும் பூஞ்சையையும் அங்கே தேயிலையில்தான் 1947இல் விவரித்தார்கள். நெருங்கிய உறவான இன்னொரு வண்டு இப்போது கலிபோர்னியாவின் வெண்ணெய்ப்பழத் தோட்டங்களில் ஆட்டம் போடுகிறது. அங்கே மரத்தைச் சாகடிப்பது வண்டின் துளையா, வண்டு விதைத்த பூஞ்சையா என்று கேட்டால் பதில் பூஞ்சைதான். வண்டு வெறும் வண்டிக்காரன்.

இதையெல்லாம் கூட்டிக் கழித்து நான் எடுத்த தீர்ப்பு: தின்பதில் காளான்தான் கெட்டிக்காரன். வண்டு மரத்தை உடைத்துக் கொடுக்கிறது. அதன் துளைவழியே காற்றும் ஈரமும் வித்தும் உள்ளே போகின்றன. ஆனால் பந்தி காளானுடையது, வண்டு பெரும்பாலும் அதன் மிச்சத்தையோ, அதன் கைப்பக்குவத்தையோ, அதன் மரபணுவையோ சாப்பிடுகிறது. இதை ஆசாரியிடம் கொஞ்சம் பெருமையாகச் சொன்னேன். வெற்றிலையை மென்றுகொண்டே கேட்டுவிட்டு, "அப்ப உங்க வீட்டு பெஞ்ச என்னா பண்ணுது?" என்றார்.

அங்கேதான் மாட்டிக்கொண்டேன். நடுத்துண்டில் தேறின நாலடியில் அவர் செய்துகொடுத்த பெஞ்சு அப்போது கூடத்தில் கிடந்தது. இரண்டாவது வருடத்திலிருந்து தினமும் காலையில் அதன் கீழே மைதா மாதிரி மாவு கொட்டிக் கிடக்கும். அம்மா பெருக்கித் தள்ளுவாள், மறுநாள் மறுபடி கிடக்கும். காளான் ஒருபோதும் அதில் வரவில்லை, வரவும் முடியாது. கட்டையின் ஈரம் 20 சதவீதத்துக்குக் கீழே போய்விட்டால் காளானுக்குக் கை ஓடாது. அதன் சமையலே தண்ணீரில்தான். காய்ந்த வீட்டுக்குள் வண்டுதான் ராஜா. இந்த மாவுவண்டு கட்டையின் நாரைத் தொடுவதே இல்லை. வெளிறுப் பகுதியில் மரம் சேர்த்துவைத்திருந்த மாச்சத்தை மட்டும் எடுத்துக்கொள்கிறது. முட்டையிடும் முன் தாய் கட்டையைக் கடித்து மாச்சத்து இருக்கிறதா என்று ருசி பார்க்குமாம். பெண் பார்க்க வந்தவர்கள் கேசரியைக் கிள்ளி வாயில் போட்டுப் பார்ப்பது மாதிரி.

"குளத்துல மூணு மாசம் ஊறப்போட்டுட்டு அறுத்திருக்கணும். உங்க அப்பாதான் அவசரப்படுத்துனாரு" என்றார் ஆசாரி. சரிதான். ஊறப்போட்டால் மாச்சத்து கரைந்து போய்விடும், வண்டுக்கு அதில் வேலை இருக்காது. தண்ணீருக்குள் மூழ்கிக் கிடக்கும்போது காற்று இல்லாததால் காளானும் கிட்டே வராது. மூங்கிலுக்கு இன்றைக்கும் இதைத்தான் செய்கிறார்கள். இரண்டு எதிரிகளையும் ஒரே குளத்தில் தோற்கடித்திருக்கிறார்கள், நம் வீட்டில் மட்டும் பொறுமை இல்லை.

போன ஐப்பசியில் அம்மாவுக்குக் கோபம் தலைக்கேறி, "இனிமே இந்த மாவ என்னால கூட்ட முடியாது, எடுத்துட்டுப் போடா வெளியில" என்றாள். பெஞ்சைத் தூக்கிக் கொல்லைத் தாழ்வாரத்தில் போட்டேன். மாவு கொட்டுவது நின்றது. சாரல் அடிக்கிற இடம் என்பதை நான் கணக்கில் எடுக்கவில்லை. பொங்கலுக்குப் போனபோது அப்பா அதில் உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். குனிந்து பார்த்தேன். மழைத்தண்ணீர் தேங்குகிற பக்கத்துக் காலில் நகக்கண் அளவுக்கு வெள்ளையாக, ரோமம் படர்ந்த மாதிரி ஒரு விசிறி முளைத்திருந்தது. அடியில் செதில்கள் இரண்டாகப் பிளந்து சுருண்டிருந்தன. அண்டார்க்டிகா தவிர எல்லாக் கண்டத்திலும் இருக்கிற பிளவுச்செதில் காளான். மணிப்பூரில் இதைக் கங்லாயென் என்று சமைத்துச் சாப்பிடுகிறார்கள்.

அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை.